வெப்கேமும் தொலைநோக்கியும் வைத்துக் கோள்களைப் படமெடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

வியாழனின் பட்டைகளையும் சனியின் வளையத்தையும் தெளிவாகப் படமெடுக்கப் பெரிய கேமரா தேவை என்று பலர் நினைக்கிறார்கள். தேவையில்லை. 150 மி.மீ. விட்டமுள்ள ஒரு தொலைநோக்கி, லென்ஸைக் கழற்றக்கூடிய ஒரு வெப்கேம், ஒரு மடிக்கணினி, இவ்வளவு இருந்தால் தொடங்கிவிடலாம். அதற்கு மேல் வேண்டியது காற்று அடங்கும்வரை காத்திருக்கும் பொறுமைதான்.

முதலில் ஏன் வெப்கேம் என்று சொல்லிவிடுகிறேன். கோள்கள் பிரகாசமானவை, ஆனால் வானத்தில் மிகச் சிறியவை. ஒரு டிகிரியை 3600 பங்காக்கினால் ஒரு பங்குதான் ஆர்க் செகண்ட். நிலவின் அகலம் சுமார் 1800 ஆர்க் செகண்ட். வியாழன் நன்றாகத் தெரியும் காலத்தில்கூட 45 முதல் 50 வரைதான். இவ்வளவு சிறிய உருவத்துக்கு முன்னால் கொந்தளிக்கும் காற்று குறுக்கே நிற்கிறது. ஒரே ஒரு புகைப்படம் எடுத்தால் அது நல்ல கணத்தில் விழுமா, கெட்ட கணத்தில் விழுமா என்று சொல்ல முடியாது. வீடியோ எடுத்தால் சில ஆயிரம் பிரேம்கள் கையில் இருக்கும். காற்று ஒரு கணம் அடங்கியபோது விழுந்த பிரேம்களை மட்டும் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கலாம். இப்படி நல்ல பிரேம் கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று டேவிட் ஃப்ரீட் என்ற ஒளியியல் ஆய்வாளர் 1978-இலேயே கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார். 2000-களின் தொடக்கத்தில் மலிவான வெப்கேம்களும் இலவச மென்பொருள்களும் வந்தபிறகு அது வீட்டு முற்றத்துக்கே வந்துவிட்டது.

கருவிகள்

தொலைநோக்கி எந்த வகையானாலும் சரி. விட்டம் பெரிதானால் நுணுக்கம் கூடும். 116-ஐ மி.மீ. கணக்கில் விட்டத்தால் வகுத்தால் எவ்வளவு நெருக்கமான இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்டும் என்று தெரிந்துவிடும். 150 மி.மீ.க்கு 0.77 ஆர்க் செகண்ட், 200 மி.மீ.க்கு 0.58. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மோட்டார் பொருத்திய ஸ்டாண்ட் இருந்தால் வேலை எளிது. கையால் நகர்த்தும் எளிய ஸ்டாண்டுள்ள டாப்சோனியன் தொலைநோக்கி மட்டும்தான் இருக்கிறது என்றாலும் விட்டுவிட வேண்டாம், அதற்கும் வழி இருக்கிறது.

வெப்கேம் வாங்கும்போது மூன்று விஷயங்களைப் பாருங்கள். முன்லென்ஸைத் திருகிக் கழற்ற முடிய வேண்டும். எக்ஸ்போஷரையும் (ஒரு பிரேமுக்கு ஒளி விழும் நேரம்) கெய்னையும் (சென்சாரின் சமிக்ஞையைப் பெருக்கும் அளவு) கையால் மாற்ற முடிய வேண்டும். சுருக்கப்படாத வீடியோவைக் கணினிக்கு அனுப்ப வேண்டும். மூன்றாவதைத்தான் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். சுருக்கப்பட்ட வீடியோவில் கட்டம் கட்டமாக விழும் கறையை நூறு பிரேம் அடுக்கினாலும் போக்க முடியாது. பதிவு மென்பொருளில் எம்ஜேபெக், ஒய்யுஒய்2 என்று இரண்டு தேர்வுகள் தெரிந்தால் சுருக்கப்படாததான ஒய்யுஒய்2-ஐத் தேர்ந்தெடுங்கள்.

இதற்கென்றே செய்யப்பட்ட சிறிய கோள் கேமராக்களும் கிடைக்கின்றன. வேகமும் உணர்திறனும் அவற்றில் அதிகம். இந்த வேலை உங்களுக்குப் பிடித்துப்போனால் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். இங்கே சொல்வதெல்லாம் அவற்றுக்கும் பொருந்தும்.

வெப்கேமைத் தயார் செய்தல்

லென்ஸைக் கழற்றியதும் சென்சார் திறந்தபடி இருக்கும். அதில் விழும் ஒரு தூசி, படத்தில் வியாழனின் மேல் கருப்பு வட்டமாக உட்கார்ந்துகொள்ளும். அதனால் தூசியில்லாத அறையில், கேமராவைக் கவிழ்த்துப் பிடித்தபடி கழற்றுங்கள். லென்ஸ் இருந்த இடத்தில், தொலைநோக்கியில் ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) செருகும் 1.25 அங்குலக் குழாயான ஃபோக்கஸரில் நுழையும் அடாப்டரைத் திருகுங்கள். அடாப்டர் கிடைக்காவிட்டால் பழைய 35 மி.மீ. ஃபிலிம் சுருள் வந்த பிளாஸ்டிக் டப்பாவின் அடியை வெட்டி ஒட்டலாம். அதன் விட்டம் ஃபோக்கஸருக்குக் கிட்டத்தட்ட சரியாக இருக்கும். சென்சார் டப்பாவின் நடுவில் இருக்கிறதா, சாயாமல் இருக்கிறதா என்று பார்த்து ஒட்டுங்கள்.

பல வெப்கேம்களில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி லென்ஸோடு சேர்ந்தே இருக்கும். லென்ஸ் போனால் அதுவும் போய்விடும். அப்போது நிறங்கள் வெளிறும். லென்ஸ் வகைத் தொலைநோக்கியானால் அகச்சிவப்பு வேறு இடத்தில் குவிவதால் படமே மங்கும். அடாப்டரின் முனையில் திருகும் அகச்சிவப்புத் தடுப்பு வடிகட்டி ஒன்று போட்டுவிட்டால் இந்தச் சிக்கல் தீர்ந்தது. கேமராவில் எரியும் சிறு விளக்கின் ஒளி சென்சாருக்குக் கசிந்தால் அதன்மேல் கருப்பு டேப் ஒட்டிவிடுங்கள்.

பார்லோ எவ்வளவு போட வேண்டும்?

பார்லோ என்பது குவியத் தொலைவைப் பல மடங்காக்கி உருவத்தைப் பெரிதாக்கும் லென்ஸ். எத்தனை மடங்கு வேண்டும் என்பதற்குக் கொஞ்சம் கணக்கு. பிக்சலின் அளவை மைக்ரானில் எடுத்து 206-ஆல் பெருக்கி, குவியத் தொலைவால் மி.மீ.யில் வகுத்தால் ஒரு பிக்சலில் எத்தனை ஆர்க் செகண்ட் விழுகிறது என்று கிடைக்கும். 1200 மி.மீ. குவியத் தொலைவும் 3 மைக்ரான் பிக்சலும் இருந்தால் 0.52. வியாழன் ஏறத்தாழ 87 பிக்சல் அகலத்தில் வரும். 2 மடங்கு பார்லோ போட்டால் 0.26, அதாவது சுமார் 175 பிக்சல்.

150 மி.மீ. தொலைநோக்கி பிரித்துக் காட்டுவது 0.77 என்று பார்த்தோம். அதை மூன்று பிக்சல்களில் பரப்பினால் போதும். அதற்கு மேல் பெரிதாக்கினால் புதிதாக எதுவும் தெரியாது, வெளிச்சம் குறைந்து மங்கல்தான் பெரிதாகும். நடைமுறைக்கு இன்னும் எளிய வழி உண்டு. பிக்சல் அளவை 5-ஆல் பெருக்குங்கள். 3 மைக்ரானுக்கு 15. பார்லோவோடு சேர்த்துத் தொலைநோக்கியின் எஃப் எண் (குவியத் தொலைவை விட்டத்தால் வகுத்தது) அந்த அளவுக்கு வந்தால் சரி. எஃப் 8 தொலைநோக்கிக்கு 2 மடங்கு, எஃப் 5-க்கு 3 மடங்கு. 5 மடங்கு பார்லோ வாங்கி எஃப் 40-இல் எடுக்க முயல்கிறவர்கள் நிறையப் பேர். அது வேண்டாம் என்பதே என் அழுத்தமான கருத்து.

எந்தக் கோள், எப்போது?

வியாழனில் தொடங்குங்கள். பெரியது, பிரகாசமானது, ஃபோக்கஸ் செய்ய எளிது, மணிக்கு மணி முகம் மாறுவது. சனி அடுத்தது. சனியின்மேல் படும் சூரிய ஒளி வியாழன்மேல் படுவதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான், அதனால் எக்ஸ்போஷர் கூட்ட வேண்டிவரும். 2025 மார்ச்சில் அதன் வளையம் நமக்குப் பக்கவாட்டில் கோடாகத் திரும்பியது, இனி சில ஆண்டுகளுக்கு விரிந்துகொண்டே போகும். செவ்வாய் ஏறத்தாழ 26 மாதத்துக்கு ஒருமுறைதான் அருகே வரும். வந்தாலும் எப்போதும் ஒரே அளவில் தெரியாது. 2003 ஆகஸ்டில் 25 ஆர்க் செகண்ட் வரை வளர்ந்தது, 2027 பிப்ரவரியில் 14-ஐத் தொடாது.

வெள்ளியும் புதனும் சூரியனுக்கு அருகிலேயே இருப்பவை. சூரியன் முழுதாக மறையும்வரை தொலைநோக்கியை அந்தப் பக்கம் திருப்பாதீர்கள். ஒரு கணம் தவறிச் சூரியன் உள்ளே வந்தால் கண் போய்விடும். இதில் மட்டும் எந்தச் சமரசமும் கூடாது.

மற்ற மூன்று கோள்களுக்கும், அவை சூரியனுக்கு நேர் எதிரே வரும் நாளையொட்டிய இரண்டு மூன்று மாதங்கள்தான் நல்ல காலம். அந்த நாட்களிலும் கோள் வானில் உச்சத்தை நெருங்கும் நேரத்தில் எடுங்கள். தொடுவானத்துக்கு அருகில் இருந்தால் ஒளி அதிகமான காற்றைத் துளைத்து வர வேண்டும். போதாததற்குக் காற்று முப்பட்டகம்போல் நிறத்தைப் பிரித்து, கோளின் ஒரு விளிம்பில் நீலமும் மறு விளிம்பில் சிவப்பும் பூசிவிடும்.

காற்று

எல்லாவற்றையும்விட முக்கியமானது இது. நல்ல காற்றில் 130 மி.மீ. தொலைநோக்கி காட்டுவதை, கெட்ட காற்றில் 300 மி.மீ. காட்டாது.

காற்றின் தொல்லை மூன்று இடங்களில் பிறக்கிறது. மேலே, பத்து கிலோமீட்டர் உயரத்தில் வேகமாக ஓடும் காற்றோட்டம். அது தலைக்கு மேல் இருக்கும் இரவுகளில் நாம் செய்ய ஒன்றுமில்லை. வானிலைத் தளங்களில் அந்த உயரத்துக் காற்றின் வரைபடத்தைப் பார்த்து, வேகம் குறைந்த நாளைத் தேர்ந்தெடுக்கலாம். வெறும் கண்ணுக்கே ஓர் அடையாளம் உண்டு. நட்சத்திரங்கள் படபடவென்று மின்னினால் வானம் அழகாக இருக்கும், ஆனால் கோள் படத்துக்கு அது ஆகாத இரவு. லேசான மூட்டத்தோடு அசைவில்லாமல் கிடக்கும் வானம்தான் பெரும்பாலும் நல்லது. அப்படிப்பட்ட இரவில் மூட்டமாயிருக்கிறதே என்று உள்ளே போய்விடாதீர்கள்.

இரண்டாவது, அக்கம்பக்கம். பகலெல்லாம் வெயிலில் காய்ந்த கான்கிரீட் தளமும் கூரையும் நள்ளிரவுவரை சூட்டைக் கக்கும். மொட்டை மாடியைவிடப் புல்தரை நல்லது. கோள் ஒரு வீட்டுக் கூரைக்கு நேர் மேலே நின்றால், அது விலகும்வரை காத்திருங்கள்.

மூன்றாவது, தொலைநோக்கிக்குள்ளேயே இருக்கும் சூடு. இதை முழுதாகச் சரிசெய்ய நம்மால் முடியும், ஆனாலும் பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். அறையிலிருந்து வெளியே எடுத்துவந்த கண்ணாடி, வெளிக்காற்றின் வெப்பநிலைக்கு இறங்க 200 மி.மீ. தொலைநோக்கியில் ஒரு மணி நேரமாவது ஆகும். அதுவரை கண்ணாடியிலிருந்து எழும் சூடான காற்று குழாய்க்குள் சுழன்றுகொண்டே இருக்கும். பிரகாசமான ஒரு நட்சத்திரத்தை வைத்து ஃபோக்கஸை நன்றாக விலக்கிப் பாருங்கள். பெரிதாகும் ஒளித்தட்டில் புகைபோல ஒன்று மெதுவாக நெளிந்து ஒரே பக்கமாக எழுந்தால் அது குழாய்ச் சூடு. தட்டின் குறுக்கே ஒரே திசையில் வேகமாக ஓடினால் அது மேலே உள்ள காற்று. முதலாவதுக்கு ஒரு சிறிய விசிறியைக் கண்ணாடியின் பின்னால் வைத்தால் போதும். இரண்டாவதுக்கு வேறொரு நாள் பார்க்க வேண்டியதுதான்.

கண்ணாடிகளை நேர்ப்படுத்துதல்

லென்ஸுக்குப் பதில் கண்ணாடியால் ஒளியைக் குவிக்கும் தொலைநோக்கியில் கொலிமேஷன், அதாவது கண்ணாடிகள் நேராக நிற்பது, சரியாக இல்லையென்றால் மற்ற எதுவும் பயன் தராது. மேலே சொன்ன அதே நட்சத்திரச் சோதனைதான். நட்சத்திரத்தை நடுவில் வைத்து ஃபோக்கஸை இலேசாக விலக்கினால் வளையங்கள் தெரியும். வளையங்கள் ஒரே மையத்தில் இருந்தால் சரி. ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் கண்ணாடியைச் சாய்க்கும் திருகை மிகக் கொஞ்சமாகத் திருப்பி, நட்சத்திரத்தை மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்து பாருங்கள். தொலைநோக்கியைத் தூக்கி வைத்த ஒவ்வொரு முறையும் இதைச் சரிபார்ப்பது நல்லது.

கோளைச் சென்சாரில் பிடித்தல்

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அதிக நேரம் போவது இங்கேதான். சென்சார் நான்கு மி.மீ. அகலம்கூட இல்லை. நாம் கணக்குப் போட்ட அமைப்பில் பார்லோவோடு திரையில் தெரியும் வானம் 330 ஆர்க் செகண்ட் மட்டுமே, நிலவின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

அதனால் படிப்படியாகப் போங்கள். பகலிலேயே தொலைவிலுள்ள ஒரு கம்பத்தின் உச்சியை வைத்து ஃபைண்டரை (தொலைநோக்கியின்மேல் பொருத்திய, குறிபார்க்கும் சிறு குழல்) தொலைநோக்கியோடு ஒத்துப்போகும்படி திருத்திவிடுங்கள். இரவில் அதிகப் பெருக்கம் தரும் ஐபீஸில் கோளை நட்டநடுவில் கொண்டுவாருங்கள். பிறகு ஐபீஸை எடுத்துவிட்டுப் பார்லோ இல்லாமல் வெப்கேமை மட்டும் செருகுங்கள். எக்ஸ்போஷரையும் கெய்னையும் முழுதாகக் கூட்டுங்கள். கோள் திரைக்குச் சற்று வெளியே இருந்தாலும் அதன் ஒளிவட்டம் ஓரத்தில் வெளுப்பாகத் தெரியும், அந்தப் பக்கம் நகர்த்தினால் கிடைத்துவிடும். ஐபீஸின் ஃபோக்கஸும் கேமராவின் ஃபோக்கஸும் வேறு வேறு என்பதால் முதலில் தெரிவது பெரிய மங்கலான தட்டாகத்தான் இருக்கும். ஃபோக்கஸ் செய்து நடுவில் வைத்தபின் ஃபைண்டரை மறுபடி ஒருமுறை நுணுக்கமாகத் திருத்துங்கள். அதற்குப் பிறகுதான் பார்லோ. இந்த வரிசையைத் தாண்டிக் குதித்தால் அரை மணி நேரம் இருட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க நேரிடும்.

மோட்டார் இல்லாதவர்கள் கோளைத் திரையின் ஓர் ஓரத்தில் வைத்துக் கையை எடுத்துவிடுங்கள். வானம் விநாடிக்கு ஏறத்தாழ 15 ஆர்க் செகண்ட் நகரும். நம் அமைப்பில் சுமார் 20 விநாடியில் கோள் திரையைக் கடந்துவிடும். அதைப் பதிவுசெய்து, மறுபடி ஓரத்துக்குக் கொண்டுவந்து, மறுபடி பதிவுசெய்யுங்கள். எல்லாத் துண்டுகளையும் சேர்த்துக் கோளை நடுவில் நிறுத்தித் தர பிப் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது.

ஃபோக்கஸ்

குமிழைத் தொட்டதும் திரையில் கோள் துள்ளும். துள்ளும்போது ஃபோக்கஸைக் கணிக்க முடியாது. துணி காயப்போடும் கிளிப் ஒன்றைக் குமிழில் கவ்வவிடுங்கள். கிளிப்பின் வாலை விரல் நுனியால் தள்ளினால் குமிழ் மயிரிழை அளவுதான் திரும்பும், குலுக்கலும் பெரிதும் குறையும். தள்ளிவிட்டுக் கையை எடுத்து, அதிர்வு அடங்க மூன்று விநாடி கொடுத்து, அப்புறம் திரையைப் பாருங்கள்.

எதைப் பார்த்து ஃபோக்கஸ் செய்வது? வியாழனானால் அதன் நிலவு ஒன்று. எக்ஸ்போஷரைச் சற்றுக் கூட்டினால் தெரியும், அது எவ்வளவு சிறிய புள்ளியாகிறதோ அவ்வளவு சரி. சனியில் வளையத்தின் இரு முனைகளிலும் வளையங்களைப் பிரிக்கும் காசினி இடைவெளி என்ற கருங்கோடு தெரிகிறதா என்று பார்க்கலாம். அருகில் பிரகாசமான நட்சத்திரம் இருந்தால் பாவெல் பாஹ்டினோவ் உருவாக்கிய கோடுபோட்ட மூடியைத் தொலைநோக்கியின் வாயில் மாட்டி அதில் ஃபோக்கஸ் செய்துவிட்டுக் கோளுக்கு வரலாம்.

ஒருபுறம் மங்கும்வரை போய், நல்ல இடத்தைத் தாண்டி மறுபுறம் மங்கும்வரை வந்து, நடுவில் நிறுத்துங்கள். இரவு குளிரக் குளிரக் குழாய் சுருங்கி ஃபோக்கஸ் நகரும். அரை மணிக்கு ஒருமுறை திரும்பப் பாருங்கள்.

பதிவு அமைப்புகள்

பதிவுசெய்ய ஷார்ப்கேப் அல்லது ஃபயர்கேப்சர் மென்பொருள் போதும். ஃபயர்கேப்சர் பெரும்பாலும் கோள் கேமராக்களுக்கானது, சாதாரண வெப்கேமுக்கு ஷார்ப்கேப் எளிது. தானியங்கி எக்ஸ்போஷர், தானியங்கி நிறச் சமன், கேமராவுக்குள்ளேயே செய்யும் கூர்மையாக்கம், இவை எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். கருப்பு வானத்தின் நடுவே ஒரு சிறு தட்டைப் பார்க்கும் தானியங்கி எக்ஸ்போஷர், படம் இருட்டாக இருக்கிறது என்று எண்ணிக் கோளை வெள்ளையாக எரித்துவிடும்.

வியாழனுக்கு எக்ஸ்போஷர் 10 முதல் 30 மில்லி விநாடி. இதைவிட நீண்டால் காற்றின் அசைவு ஒரே பிரேமுக்குள் பதிந்துவிடும். பிறகு கெய்னைக் கூட்டி, பிரகாசத்தின் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தின் உச்சம் 60 முதல் 75 சதவீதத்துக்குள் நிற்கும்படி வையுங்கள். கெய்ன் கூடினால் புள்ளி புள்ளியாகத் தெரியும், அதற்கு அஞ்ச வேண்டாம். அடுக்கும்போது அது கரைந்துவிடும். ஆனால் எரிந்து வெளுத்த இடத்தை எதனாலும் மீட்க முடியாது.

வெப்கேமில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 1280-க்கு 720 அளவிலிருந்து 640-க்கு 480-க்கு மாற்றினால் வேகம் கூடும். ஆனால் சில கேமராக்கள் படத்தின் நடுப்பகுதியை வெட்டி எடுக்காமல், முழுப் படத்தையும் சுருக்கி அனுப்பும். மாற்றியதும் கோளின் அகலம் எத்தனை பிக்சல் என்று பாருங்கள். அதே அளவில் இருந்தால் தாராளமாக மாற்றலாம். பாதியாகக் குறைந்தால் நுணுக்கமும் போனது என்று பொருள், பெரிய அளவிலேயே மெதுவாக எடுங்கள்.

எவ்வளவு நேரம் பதிவுசெய்வது?

கோள் சுழல்கிறது என்பதால் இதற்கு ஓர் எல்லை உண்டு. வியாழன் 10 மணி நேரத்துக்குள் ஒரு சுற்றை முடித்துவிடும். 45 ஆர்க் செகண்ட் அகலமுள்ள தட்டின் நடுவில் இருக்கும் ஒரு புள்ளி நிமிடத்துக்குச் சுமார் 0.24 ஆர்க் செகண்ட் நகர்கிறது. மூன்று நிமிடத்தில் 0.7. நம் 150 மி.மீ. தொலைநோக்கியின் எல்லை 0.77 என்பதால் மூன்று நிமிடம் தாண்டினால் வியாழனின் பெரும்புயலான பெருஞ்சிவப்புப் புள்ளியின் ஓரங்கள் இழுபடத் தொடங்கும். 200 மி.மீ.க்கு இரண்டு நிமிடத்தோடு நிறுத்துங்கள். சனியும் வேகமாகச் சுழல்வதுதான், ஆனால் தட்டு சிறியது, விவரம் குறைவு. ஐந்தாறு நிமிடம் எடுக்கலாம். செவ்வாய்க்கும் ஐந்து நிமிடம் தாராளம்.

ஒரு பதிவோடு நிறுத்திவிடாதீர்கள். இடைவிடாமல் பத்துப் பதினைந்து எடுங்கள். காற்று எந்த இரண்டு நிமிடத்தில் அடங்கும் என்று முன்கூட்டித் தெரியாது. சுருக்கப்படாத வீடியோ இடத்தை விழுங்கும். 640-க்கு 480 அளவில் விநாடிக்கு 30 பிரேம் என்றால் இரண்டு நிமிடத்துக்கு 2 ஜிபிக்கு மேல் போகும். வட்டில் இடத்தை முன்பே காலிசெய்து வையுங்கள்.

அடுக்குதல்

ஆட்டோஸ்டாக்கர்ட் என்ற மென்பொருள் இதற்கு மிகச் சிறந்தது, இலவசமும்கூட. வீடியோவைத் திறந்து, கோள் என்ற தேர்வைக் கொடுத்து, ஆராயச் சொன்னால் பிரேம்களைத் தரவாரியாக வரிசைப்படுத்தி ஒரு வரைபடம் தரும். கோடு மெதுவாகச் சரிந்தால் காற்று நன்றாக இருந்திருக்கிறது, 40 சதவீதம்வரை எடுக்கலாம். தொடக்கத்திலேயே செங்குத்தாக விழுந்தால் 10 சதவீதத்தோடு நில்லுங்கள். குறைவாக எடுத்தால் கூர்மை கூடும், புள்ளிகளும் கூடும். புள்ளிகள் அடுக்கிய எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறையும். 100 பிரேம் அடுக்கினால் பத்தில் ஒரு பங்கு, 400 என்றால் இருபதில் ஒரு பங்கு. முடிந்தால் இரண்டு மூன்று சதவீதங்களில் அடுக்கிப் பார்த்து ஒப்பிடுங்கள். கோள் முழுதும் பிரேம்களை ஒன்றோடொன்று பொருத்த உதவும் சில டஜன் ஒத்திசைவுப் புள்ளிகளை வைத்து, 16 பிட் டிஃப் கோப்பாகச் சேமியுங்கள்.

வெளிவரும் படம் முதல் பார்வைக்கு மங்கலாகத்தான் இருக்கும். ஏமாற்றம் வேண்டாம். விவரமெல்லாம் உள்ளே இருக்கிறது.

கூர்மையாக்குதல்

அந்த டிஃப் கோப்பை ரெஜிஸ்டாக்ஸ் மென்பொருளில் திறந்தால் வேவ்லெட் என்ற ஆறு நகர்த்திகள் தெரியும். முதலாவது மிக நுண்ணிய விவரங்களுக்கு, ஆறாவது பெரிய பகுதிகளுக்கு. பெரும்பாலான வேலை இரண்டாவதிலும் மூன்றாவதிலும் முடிந்துவிடும். முதலாவதைத் தள்ளினால் புள்ளிகள்தான் முதலில் எழும், கூடவே புள்ளிகளைக் குறைக்கும் டீநாய்ஸைக் கொஞ்சம் கொடுங்கள். நிறவிளிம்பு இருந்தால் நிறங்களை ஒன்றோடொன்று பொருத்தும் பொத்தானை அழுத்துங்கள்.

எங்கே நிறுத்துவது என்பதுதான் கைப்பழக்கம். கோளின் விளிம்புக்கு உள்ளே இன்னொரு மெல்லிய வளைவு தோன்றினால், அது கோளில் இல்லாதது, கூர்மையாக்கம் உண்டாக்கியது. செவ்வாயில் இது பளிச்சென்று தெரியும். தோன்றிய உடனே பின்வாங்குங்கள். நான் ஒரு படத்தை முடித்ததும் அன்றே வெளியிட மாட்டேன். அடுத்த நாள் புதுக் கண்ணோடு பார்த்தால் பாதி நகர்த்திகளைக் குறைக்கத் தோன்றும். இல்லாத விவரத்தைக் காட்டும் கூர்மையைவிட, உள்ளதை மட்டும் காட்டும் மென்மை எவ்வளவோ மேல்.

பல பதிவுகள் நன்றாக வந்திருந்தால் வின்ஜூபோஸ் மென்பொருளில் கோளின் சுழற்சியை ஈடுகட்டி அவற்றை ஒன்றாகச் சேர்க்கலாம். பத்து நிமிடப் பதிவின் பலன் கிடைக்கும், இழுபடாது.

நேரத்தைக் குறித்து வையுங்கள்

ஒவ்வொரு பதிவின் தேதியையும் உலகப் பொது நேரத்தையும் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள். சுழற்சியை ஈடுகட்ட இது தேவை. அதைவிட முக்கியமான காரணமும் உண்டு. 2009 ஜூலை 19 அன்று ஆஸ்திரேலியாவின் ஆந்தனி வெஸ்லி தன் வீட்டுத் தொலைநோக்கியில் வியாழனின் தென்துருவத்துக்கு அருகே புதிய கரும்புள்ளி ஒன்றைக் கண்டார். ஏதோ ஒரு பொருள் மோதிய தழும்பு அது. அடுத்த ஆண்டு ஜூன் 3 அன்று அவரும், பிலிப்பைன்ஸிலிருந்து கிறிஸ்டோபர் கோவும் வியாழனில் ஒரே மோதல் மின்னலைத் தனித்தனியே வீடியோவில் பிடித்தார்கள். இருவரிடமும் நேரம் பதிவாகியிருந்ததால் அது கேமராக் கோளாறு இல்லை என்று உறுதியானது.

உங்கள் படத்திலும் புதிதாகக் கரும்புள்ளி தென்பட்டால் முதலில் அது நிலவின் நிழலா என்று கோள் மென்பொருளில் அந்த நேரத்தைக் கொடுத்துப் பாருங்கள். நிழலானால் வட்டமாக, மைபோல் கருப்பாக இருக்கும். அடுத்து, கேமராவை ஃபோக்கஸரில் கொஞ்சம் திருப்பி இன்னொரு பதிவு எடுங்கள். திரையில் அதே இடத்திலேயே நின்றால் சென்சாரில் தூசி. கோளோடு சேர்ந்து திரும்பினால், சுருக்கப்படாத மூல வீடியோவை அழிக்காமல் வைத்துக்கொண்டு, நேரத்தையும் இணைத்து, கோள் நோக்கும் அமைப்பு ஒன்றுக்கு அன்றே அனுப்பிவிடுங்கள்.